உணரிகள் முரண்படும்போது எதை நம்புவது: பிளஸ் டூ முடித்த மகளுக்கான பாடத்தேர்வு

ஐயா, வணக்கம். ஓட்டுநரில்லா வாகனத் துறையில் பணியாற்ற விரும்பும் தங்கள் மகளை, ரோபாட்டிக்ஸ் என்ற பெயருள்ள தனியார் கல்லூரிப் படிப்பில் கடன் வாங்கிச் சேர்ப்பதா, வேலூர் பாகாயத்திலுள்ள தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதே சரி என்பது என் கருத்து. காரணத்தை விளக்குகிறேன்.

ஓட்டுநரில்லா வாகனம் பொதுவாகப் பல உணரிகளின், அதாவது சுற்றுப்புறத்தை அளந்தறியும் கருவிகளின், தகவல்களைக் கலந்தே முடிவெடுக்கிறது. முன்னால் நிற்கும் லாரி 10 மீட்டர் தொலைவில் என்று 1 மீட்டர் பிழையளவுடன் ராடாரும், 12 மீட்டர் என்று 2 மீட்டர் பிழையளவுடன் கேமராவும் சொல்வதாகக் கொள்வோம். வெறும் சராசரி 11. ஆனால் பிழையளவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் பங்கு கொடுத்தால் ராடாருக்கு நான்கு, கேமராவுக்கு ஒன்று, விடை 10.4 மீட்டர், அதன் பிழையளவு ஏறத்தாழ 0.9 மீட்டர், அதாவது இரண்டு கருவிகளையும்விடக் குறைவு. பொறியியலாளர் ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்டு, பின்னர் அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டிய கணக்குமுறைக்கு இதுவே அடிப்படை.

கேமரா 40 மீட்டர் என்று சொன்னால்? அதே சூத்திரம் 16 மீட்டர் என்று, அதே 0.9 பிழையளவுடன், சற்றும் தயங்காமல் விடை தரும்; அங்கே லாரியே இருக்காது. இவ்வளவு பெரிய முரண்பாடு வந்தால், கலப்பதற்கு முன் ஏதோ ஒரு கருவி பழுதாகியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இந்தத் துறையில் கடினமான வேலை இதுதான். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் உயிரிழந்தனர். மூக்கைத் தானாகக் கீழிறக்கிய மென்பொருள், எதிர்வரும் காற்றோடு இறக்கை அமையும் கோணத்தை அளக்கும் உணரிகள் விமானத்தில் இரண்டு இருந்தும் ஒன்றை மட்டுமே நம்பியது.

இதற்குத் தேவையானவை நிகழ்தகவும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) சமிக்ஞைச் செயலாக்கமும் (கருவிகள் தரும் சமிக்ஞைகளிலிருந்து பயனுள்ள தகவலைப் பிரித்தெடுப்பது). முதல் இரண்டுக்கும் அடித்தளத்தை, பேயீசின் தேற்றம் உட்பட, தங்கள் மகள் மேல்நிலை வகுப்புக் கணிதத்திலேயே படித்திருக்கிறார்; மூன்றாவது இ.சி.இ.யின் உயிர்நாடி. இந்தத் திறன் வாகனங்களோடு நின்றுவிடுவதுமில்லை: அனல்மின் நிலையக் கொதிகலன்களில், மூன்று உணரிகளில் இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டுமே இயந்திரத்தை நிறுத்தும் ஏற்பாடுகள் உண்டு. பட்டத்தின் பெயருக்காகக் கடன்சுமை ஏற்க வேண்டாம்.

கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் பாகாயம் இ.சி.இ.யை முதலில் வையுங்கள், அடுத்ததாக அங்கேயே இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்); வகுப்புகள் தொடங்கும்வரை அவர் நிகழ்தகவுக் கணக்குகளையும் பைதான் மொழியையும் பழகட்டும்.