வேப்பமரத்தடியில் காளை வேண்டாம்

கேள்வி: மதுரை ஐயர் பங்களா பக்கம் எங்கள் குடியிருப்பில் 25 சென்ட் பூங்கா ஒன்று இருக்கிறது. நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். ஒரு குடும்பத்தினர் தங்கள் அப்பா நினைவாக 3 லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஜல்லிக்கட்டுக் காளை ஒன்றும் மான்கள் இரண்டும் வைக்க ஆசைப்படுகிறோம். நடுவில் உள்ள பெரிய வேப்பமரத்தடியில் பீடம் கட்டி, ஃபைபரில் 20 நாளில் முடித்துத் தருவதாக ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். அனுமதியையும் அவரே பார்த்துக்கொள்வாராம். பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா? பணம் மிஞ்சினால் பக்கத்து மலைப்பாறைகளில் ஓவியம் வரையலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் ஆசையில் எந்தத் தவறும் இல்லை, சொல்லப்போனால் சிற்பியான எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மனிதர் சொல்வதில் மூன்று விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலாவது, அனுமதி. லேஅவுட் போடும்போது பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம் தானப்பத்திரத்தின் மூலம் மாநகராட்சிக்குப் போயிருக்கும். தண்ணீர் ஊற்றுவதும் பூட்டித் திறப்பதும் உங்கள் சங்கமாக இருக்கலாம், நிலத்துக்குச் சொந்தக்காரர் மாநகராட்சிதான். ஆணையரின் எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. இந்தக் கான்ட்ராக்டர்கள் செய்வது என்ன தெரியுமா? மண்டல அலுவலகத்தில் ஒரு மனுவைக் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கி வந்து "அனுமதி கிடைத்துவிட்டது" என்று காட்டுவார்கள். ரசீதில் முத்திரை இருக்கும், தேதி இருக்கும், பார்ப்பதற்கு உத்தரவு மாதிரியே இருக்கும். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமே இல்லை. நாளைக்கு யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் பழி சங்கத்தின் மேல் விழும், கான்ட்ராக்டர் போன் எடுக்கமாட்டார். மனுவைச் சங்கத்தின் பெயரில் நீங்களே கொடுங்கள். படம், அளவு, எடை, எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்கள் என்ற வரைபடம், பணம் தருபவரின் கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். நேரம் ஆகும். ஃபைல் ஒரு மேஜையில் இருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் பொறியாளரே மாறிவிடுவார். அதனால் வாய்வார்த்தையாக யார் "செய்யுங்க" என்றாலும் நம்பாதீர்கள்.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அப்பா நினைவாக" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. பூங்காவும் அதில் வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். நீங்கள் அந்த வாதத்துக்கே போகாதீர்கள். படுத்திருக்கும் ஒரு காளையை, பிள்ளைகள் ஏறி உட்கார ஒரு கல் உருவம் என்று விளக்க முடியும். அதே இடத்தில் அப்பாவின் மார்பளவுச் சிலை வந்தால் கதையே வேறு. பணம் தரும் குடும்பம் இன்றைக்கு அப்படிக் கேட்காது. வேலை பாதி நடக்கும்போது "பீடத்தில் ஒரு சின்ன முகம் மட்டும்" என்று வரும், மறுக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு முகம் வந்துவிட்டால் அடுத்த தெருவுக்கு இன்னொரு முகம், அப்புறம் கட்சி, சாதி, மாலை, கம்பி வேலி. ஓர் அடிக்கு முக்கால் அடியில் கல்வெட்டாக அப்பாவின் பெயர் போதும், அதுவும் உருவத்தின் மேல் இல்லாமல் நடைபாதை ஓரத்தில் தரையோடு தரையாக. இதை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காளைக்கும் இதே கவனம் வேண்டும். கழுத்தில் மணிமாலை, முதுகில் பட்டு விரிப்பு என்று செதுக்கினால் அது நந்தி ஆகிவிடும். ஒரு பிரதோஷத்துக்கு யாரோ குங்குமம் வைப்பார்கள், அடுத்து தகரக் கூரை வரும், பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள்.

இரண்டாவது, ஃபைபர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில் ஃபைபர் மானைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். வைத்து நான்கு கோடை ஆகியிருந்தது. முதுகைத் தடவினால் கையில் வெள்ளை மாவு ஒட்டியது. ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் கண்ணாடி நார் மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தது. தொட்ட விரல் மாலைவரை அரித்தது. காது உடைந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி வயிற்றில் தேங்கி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கொசுப்புழு நெளிந்தது. பக்கத்திலேயே ஊஞ்சல். செய்து கொடுத்தவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் வெயிலில் ஃபைபர் இப்படித்தான் ஆகும். கான்ட்ராக்டருக்கு அது பிடிக்கக் காரணம் இருக்கிறது: அச்சு தயாராக இருக்கும், தூக்குவது சுலபம், லாபம் அதிகம். அரசு வேலையிலும் இதே கதைதான். விலைப்பட்டியலில் செங்கலுக்கு ரேட் உண்டு, ஜல்லிக்கு உண்டு, கம்பிக்கு உண்டு. ஒரு சிற்பியின் கைக்கு என்ன ரேட் போடுவது? அதனால் சிற்பமும் கட்டட வேலையாகி, சாக்கடை கட்டுபவர் எடுத்து, அவர் இன்னொருவருக்குக் கைமாற்றி, கடைசியில் செய்பவர் கைக்கு மிச்சம்தான் வருகிறது. இதை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

மூன்று உருவம் வேண்டாம், ஒன்று போதும். இரண்டரை அடி உயரத்தில் கருங்கல்லில் படுத்த காளை செய்யுங்கள். கொம்பு பின்னால் கழுத்தோடு ஒட்டியிருக்கட்டும், குத்தாது, உடையாது. பெயின்ட் வேண்டாம், ஆசிட் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம் என்றால் செதுக்கியபின்னும் ஒரு டன்னுக்கு மேல் நிற்கும். கிரேன் உங்கள் கேட்டுக்குள் நுழையுமா, மேலே மின்கம்பி போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். சிற்பியைப் பட்டறையிலேயே போய்ச் சந்தியுங்கள். பணத்தைக் கல் வந்ததும் ஒரு பங்கு, உருவம் பிடிபட்டதும் ஒரு பங்கு, பூங்காவில் இறக்கியபின் மிச்சம் என்று கொடுங்கள். சிமெண்டில் செய்து கருங்கல் பொடி பூசித் தருபவர்களும் உண்டு. சுத்தியால் லேசாகத் தட்டினால் நல்ல கல் மணிபோலக் கணீர் என்று கேட்கும், சிமெண்டு மந்தமாகக் கேட்கும்.

கல் கட்டுப்படியாகாவிட்டால், மண்பொம்மை செய்யும் விளாச்சேரிக்குப் போய்ச் சுடுமண்ணில் காளை கேளுங்கள். கொலுப் பொம்மைக்காக மட்டுமே நாம் அந்த ஊரை நினைக்கிறோம். அய்யனார் கோயில் மரத்தடிகளில் நிற்கும் மண்குதிரைகளைப் பாருங்கள். பழையது அங்கேயே கரைந்து மண்ணாகும், புரவி எடுப்புத் திருவிழாவில் புதியது வரும். பூங்காவில் கலை என்பது நமக்கு வெளியூரிலிருந்து வந்த யோசனை இல்லை.

மூன்றாவது, அந்த வேப்பமரம். இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மரம் உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. பீடத்துக்கு நான்கடிக் குழி தோண்டினால் அவையெல்லாம் அறுபடும். மரம் அன்றைக்கே சாகாது. இரண்டு மூன்று வருடத்தில் உச்சிக்கிளை காயும், பிடிப்பு போன மரம் ஒரு கோடைமழைக் காற்றில் சாயும். அப்போது யாரும் பீடத்தை நினைக்கமாட்டார்கள். கிளைகளின் நிழல் விழும் வட்டத்துக்கு வெளியே இடம் பாருங்கள். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் கரிசல் மண் என்றால் அஸ்திவார ஆழத்தைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும் மண் எதையும் சாய்த்துவிடும்.

பாறை ஓவியம் கூடவே கூடாது. நம் ஊர் மலைகளில் வெறும் பாறை என்று தோன்றும் இடத்தில்தான் சமணத் துறவிகளின் கற்படுக்கையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் இருக்கின்றன. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானமே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 2022இல் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் பாறைகளை நம்பி லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை வாழ்கிறது. எனாமல் பெயின்டை அங்கே யாருக்காக அடிப்பது? நம் மதுரை ஆனைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை 2010இல் வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். சிற்பியாக நானும் அவர்கள் பக்கம்தான். பிள்ளைகளுக்கு வரைய இடம் வேண்டுமென்றால் பூங்காவின் சுற்றுச்சுவர் இருக்கிறது, அதையும் இதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.

குழி தோண்டும் நாளில் காலையிலேயே போய் நில்லுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தென்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லி, குழியை மூன்றடி தள்ளிப் போடச் சொல்லுங்கள்.