ஒரு கொப்பி, இரண்டு சைக்கிள், இரண்டு பேனை

கேள்வி: நண்பர் ஒருவருடன் சாகசப் பயணம் போகும்போதே, இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு படைப்பு வேலையையும் செய்ய நினைக்கிறோம். ஒன்று மற்றதைக் கெடுத்துவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

கெடுக்கும். எங்களுக்கு மூன்றாம் நாளே கெடுத்தது. வவுனிக்குளத்தின் குளக்கட்டில் குந்தியிருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு துண்டுப் பாணைச் சம்பலில் தொட்டுத் தின்றோம். பிறகு இன்னும் ஆறு நாட்கள் சேர்ந்து சைக்கிள் ஓடி, ஒரு கொப்பியையும் நிரப்பினோம். இடையில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு என்னிடமுள்ள பதில்.

2022 ஜூலை முதல் வாரம். இலங்கையில் ஜூன் 27 முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்திருந்த காலம். மோட்டார் சைக்கிளில் வடக்கே வன்னிப் பகுதியைச் சுற்றுவது எங்கள் பழைய திட்டம். பெற்றோல் இல்லாததால் அது சைக்கிளாகச் சுருங்கியது. நண்பன் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன், பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தன. நான் கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். விற்கச் சாமான் இல்லாத கடையில் எழுதக் கணக்கும் இல்லை. பிரதான வீதியான ஏ9இல் நடுக்கோட்டின் மேல் சைக்கிள் ஓடக் கிடைத்த அந்த நாட்கள் இனி வர வேண்டாம், ஆனால் ஓடிப் பார்த்தது நல்லது.

போக நினைத்தது குளங்களுக்கு. கிளிநொச்சியில் தொடங்கி இரணைமடு, முறிகண்டி, மாங்குளம். அங்கிருந்து மேற்கே மல்லாவி, வவுனிக்குளம். திரும்பவும் மாங்குளம் வந்து கிழக்கே ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, முள்ளியவளை, வற்றாப்பளை, கடைசியில் நாயாறு. படைப்பு வேலைக்கும் திட்டம் இருந்தது: அவன் படம் வரைவான், நான் பயணக் கட்டுரை எழுதுவேன். ஆளுக்கொரு கொப்பி. வீட்டில் இருந்து யோசித்தபோது அழகான திட்டம்தான்.

இரணைமடுவிலேயே கோணல் தெரிந்தது. ‘இரணை’ என்றால் இரட்டை, ‘மடு’ என்றால் ஆழமான நீர்நிலை. 1902இல் கட்டத் தொடங்கிய குளம் அது. இந்த இரண்டு வரியையும் எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். அவனுக்குக் குளக்கட்டில் இருந்து வான்கதவுகளை வரைய மூன்று மணிநேரம் வேண்டும். நான் கட்டின் மேல் அங்கும் இங்கும் நடந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவனுடைய பென்சில் நுனியைப் பார்த்தேன். மாங்குளத்திலிருந்து மேற்கே திரும்பியபோது, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நெஞ்சில் அடித்தது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. ஆத்திரம் முழுவதையும் அவன் மேல் கொட்டினேன். “மச்சான், நீ படம் கீற வந்தாயா, பயணம் வந்தாயா?” என்று கேட்டேன். அவன் திருப்பிக் கேட்டான்: “நீ பார்க்க வந்தாயா, கிலோமீற்றர் எண்ண வந்தாயா?” இரண்டு கேள்வியும் நியாயமானவை. அதனால்தான் சண்டை தீரவில்லை.

அன்று பின்னேரம் என் பின் ரியூப் வெடித்தது. வாய்க்கால் ஓரமாக உருட்டிக்கொண்டு போனபோது, ஒரு வளவிலிருந்து ஆச்சி ஒருவர் கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார். நான் கிணற்றடியில் ஓட்டை தேடிக்கொண்டிருக்க, நண்பன் வேப்பமரத்தின் கீழ் இருந்து அந்த வளவை வரைந்தான். ஆச்சி பின்னால் நின்று பார்த்தார்.

“தம்பி, வேலியோரம் ஒரு விளாத்தி நின்றது. அதை ஏன் விட்டுவிட்டீர்?”

“நிற்கிற மரங்களைத்தான் வரைந்தேன் ஆச்சி.”

“நின்ற மரத்தையும் போடும். உமக்கு என்ன, மை தானே செலவு.”

அவன் தயங்கினான். கறுப்புப் பேனையால் இல்லாத மரத்தை வரைந்தால் அது பொய்ப் படமாகிவிடும் என்று நினைத்தானாம். என் சட்டைப் பையில் கடைச் சிவப்புப் பேனை கிடந்தது, கணக்கில் இடிக்கிற தொகைக்குக் கீழே கோடு போடுகிறது. அதை நீட்டினேன். ஆச்சி சொல்லச் சொல்ல நான் இடத்தைக் காட்ட, அவன் சிவப்பில் விளாத்தியை எழுப்பினான். பிறகு மாட்டுக் கொட்டில். பிறகு பழைய வீட்டின் திண்ணை. பிறகு, 2008இல் போரால் இடம்பெயரும்போது அவிழ்த்துவிட்டுப் போன இரண்டு பசுக்கள்.

எங்கே போகிறோம் என்று கேட்டார். பாதையைச் சொன்னேன். “அப்போது நாங்கள் கிளிநொச்சிப் பக்கமாக ஓடினோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. கரியலில் ஒரு அரிசி மூட்டை, முன்னுக்கு என் பேரப்பிள்ளை. சைக்கிள் ஓடுவதற்கு இல்லை, உருட்டுவதற்கு” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. பாதை தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குப் பாதை சொல்வது போலத்தான் சொன்னார். உங்கள் கேள்வியில் உள்ள ‘சாகசம்’ என்ற சொல்லை அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வாயில் எடுக்கவில்லை. நீங்கள் எடுக்கலாம், அது உங்கள் ஊரைப் பொறுத்தது.

அன்றிரவு நான் என் கொப்பியை மடித்து வைத்தேன். கொப்பி ஒன்று, பேனை இரண்டு என்று முடிவாயிற்று. கண்ணுக்குத் தெரிவது கறுப்பு. இங்கே இன்னது இருந்தது என்று அந்த இடத்துக்காரர் சொன்னால் அது சிவப்பு. பக்கத்தின் ஓரத்தில் அவர்கள் சொன்ன சொல், அவர்கள் சொன்னபடியே.

நண்பன் கூச்சக்காரன், அந்நியரிடம் தண்ணீர் கேட்கவே யோசிப்பான். எனக்கு ஒரு குடத்தைக்கூட ஒழுங்காக வரைய வராது. அதாவது, நான் இல்லாமல் அவனிடம் சிவப்பு இல்லை, அவன் இல்லாமல் என்னிடம் படம் இல்லை. முதல் திட்டத்தில் இது இருக்கவில்லை; அங்கே என் கட்டுரை அவன் இல்லாமலும் நடக்கும், அவன் படம் நான் இல்லாமலும் நடக்கும். அப்படிப்பட்ட இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் கட்டினால், ஒன்று மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். நான் காத்திருந்து எரிந்தேன். வவுனிக்குளத்துக்குப் பிறகு காத்திருக்க நேரமே இல்லை: அவன் கறுப்பை முடிக்கும்வரை நான் தேநீர் குடித்துக் கதை கேட்பேன், அவன் நிமிரும்போது சிவப்புக்கு ஆள் தயாராக இருப்பார். உங்கள் நண்பருக்கும் உங்களுக்கும் பொருந்துகிற வேலை வேறாக இருக்கும். ஆனால் ஒருவர் தனியாகவே முடித்துவிடக்கூடிய வேலை என்றால், தனியாகவே போய் முடித்துவிட்டு வாருங்கள்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கிழக்கே போனபோது அதே சோளகம் முதுகைத் தள்ளியது. அந்தப் பக்கம் கொப்பி வேகமாக நிரம்பியது. ‘முறிப்பு’ என்று முடிகிற ஊர்கள் ஏன் இத்தனை என்று கேட்டதற்கு, கட்டு முறிந்த குளத்தின் பெயர்தான் அது என்றார் ஒரு பெரியவர். அவரும் அவருடைய மைத்துனரும் பழைய கூட்டுறவுக் கடை வீதிக்கு வடக்கா தெற்கா என்று அரைமணிநேரம் சண்டை பிடித்தார்கள். நண்பன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சிவப்புக் கடை போட்டான். இருவருக்கும் திருப்தி.

ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், 1803 அக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற இடம் என்று சொல்லும் கல் உண்டு. வன்னியின் கடைசி அரசனுக்கு அந்த இடத்தில் முதலில் கல் நட்டவர்கள் அவனை வென்றவர்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அந்தப் பக்கம் கறுப்போடு நின்றுவிட்டது. கேட்க ஆள் அகப்படவில்லை. வற்றாப்பளையில் நேர்மாறு. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடிந்து ஒரு மாதம். வெறும் மணல், நந்திக்கடல், காற்று. தேநீர்க்கடைக்காரர் ஒருவர், கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுவருவதைக் கையால் சாடை காட்டிச் சொன்னார். கறுப்பில் நாலு கோடு, மிச்சமெல்லாம் சிவப்புச் சனம்.

ஆபத்தைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் படம் வரைகிறவர்களுக்கு அது கூடுதல். நல்ல காட்சி எப்போதும் பாதையை விட்டுப் பத்து அடி தள்ளித்தான் இருக்கும். வன்னியில் மிதிவெடிகளால் அந்தப் பத்து அடியை வைக்கக் கூடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாவிட்டாலும் ஊராரைக் கேட்காமல் காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம். இடிந்த கட்டடம் ஒன்றை அருகில் போய் வரைய நண்பன் துடித்தான். தூரத்திலிருந்தே வரைந்தான், படம் சின்னதாக வந்தது, பரவாயில்லை. அந்த மாதங்களில் பாலை மரம் பழுக்கும். பழம் தேன் மாதிரி, பால் உதட்டில் ஒட்டும். முத்தையன்கட்டில் ஒருவர், “பகலில் நாங்கள் பொறுக்குவோம், பொழுதுபட்டால் அது கரடியின் மரம்” என்றார். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு நிறுத்துவது, வெயிலில் கொப்பி, மூன்று மணிக்குத் திரும்பவும் ஓட்டம், ஐந்தரைக்குள் ஒரு வீடு அல்லது கோயில் மடம் என்று வைத்திருந்தோம். ஒருநாள்தான் மீறினோம். சிவப்பு முடியவில்லை, இருட்டிவிட்டது. விறகு ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, “யானை இறங்கும் நேரத்தில் சைக்கிளா?” என்று ஏசி, சைக்கிள்களைப் பெட்டியில் ஏற்றினார். அரை மைல் தாண்டும்போது வீதியோரம் கரிய உருவங்கள் நின்றன. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அதுதான் எங்கள் பயணத்தில் வீரதீரம் என்று சொல்லத் தக்கது, அதையும் விறகின் மேல் இருந்து பார்த்தோம்.

ஒரு சோதனைச் சாவடியில் கொப்பியைப் புரட்டினார்கள். குளக்கட்டு, துருசு (மதகு), பாதை எல்லாம் வரைந்திருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். கறுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிவப்பு வீட்டில் விரலை வைத்து, “இல்லாத வீட்டை ஏன் வரைகிறீர்கள்?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் ஒருவர். வீட்டுக்காரர் சொன்னார், வரைந்தோம் என்றேன். வேறு பதில் அப்போது என்னிடம் இல்லை. கொப்பியைத் தந்துவிட்டார்கள்.

பயணம் ஒன்பது நாள். கொப்பியைச் சீராக்க ஒன்பது மாதம் போயிற்று. இதையும் கணக்கில் வையுங்கள். வீடு திரும்பியதும் கூட்டு வேலை பாதியில் சாவது சாதாரணம். நாங்கள் பிழைத்ததற்குக் காரணம், படத்தின் நகலைக் கொண்டுவந்து தருவோம் என்று பதினொரு வீடுகளில் சொல்லிவிட்டு வந்ததுதான். நமக்கு நாமே சொன்ன வாக்கை மறக்கலாம், பாயாசம் தந்த வீட்டுக்குச் சொன்னதை மறக்க முடியாது. யார் பெயர் முதலில் என்ற சண்டையும் வந்தது. அட்டையில் பெயரே இல்லை.

அடுத்த ஆண்டு சிறுபோக விதைப்பு நேரத்தில், இந்த முறை மோட்டார் சைக்கிளில், நகல்களைக் கொடுக்கப் போனோம். நிற நகலுக்குக் கட்டுப்படியாகவில்லை. சாதாரணப் போட்டோக் கொப்பிதான். ஆச்சி வீட்டு வாசலில் உறையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், சிவப்பு முழுவதும் கறுப்பாக விழுந்திருந்தது. எது நிற்கிற மரம், எது நின்ற மரம் என்று தெரியவில்லை. நண்பன் என்னை முறைத்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

ஆச்சி தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்து, விளாத்தியையும் கொட்டிலையும் பசு இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது” என்றார். “முந்தி ஏன் சிவப்பாகப் போட்டீர்?”