என் வீட்டு வயரிங்குக்கு நானே கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, மதுரையில் ஐடிஐ முடித்து, வயர்மேன் லைசென்ஸ் வாங்கி 12 வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது லண்டனில் சொந்த வீடு. பாத்ரூமில் எலக்ட்ரிக் ஷவர் வைக்க வேண்டும், பழைய ஃபியூஸ் பாக்ஸையும் மாற்ற வேண்டும். வேலையை நானே செய்துவிடுவேன். சர்டிபிகேட்டில் நானே கையெழுத்துப் போட என்ன பரீட்சை எழுத வேண்டும்?
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: நீங்கள் சர்டிபிகேட் என்று ஒன்றைச் சொல்கிறீர்கள், இங்கே அது இரண்டு. பாதிப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

முதலாவது, வேலை செய்தவர் தரும் இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட். பிஎஸ் 7671 என்கிற வயரிங் விதிப்புத்தகத்தின்படி தருவது. திட்டமிட்டவர், வேலை செய்தவர், சோதித்தவர் என்று மூன்று கையெழுத்து, மூன்றையும் ஒரே ஆள் போடலாம். இன்ன பரீட்சை பாஸ் செய்தவர்தான் போட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, தகுந்த திறமை உள்ளவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்மூரில் லைசென்ஸ் இல்லாதவர் வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்பது விதி (யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை). இங்கிலாந்தில் எலக்ட்ரீஷியனுக்கு அரசாங்க லைசென்ஸ் என்றே ஒன்று கிடையாது.

இரண்டாவது காகிதம்தான் உங்களுக்குச் சிக்கல். கட்டட விதிகளில் வீட்டு மின்வேலை பற்றிய பார்ட் பி என்ற பகுதி 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், இப்போது புது சர்க்யூட் இழுப்பது, ஃபியூஸ் பாக்ஸ் மாற்றுவது, குளிக்கும் இடத்தை ஒட்டிய பகுதியில் ஏற்கெனவே உள்ள சர்க்யூட்டில் கை வைப்பது, பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் கவுன்சிலுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். உங்கள் வேலை இரண்டும் இதில் மாட்டுகிறது, ஷவருக்குத் தனி சர்க்யூட் இல்லாமல் முடியாது. இந்த வேலைகள் விதிப்படி முடிந்தன என்கிற சர்டிபிகேட்டை நீங்களாகக் கொடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் என்ஐசிஇஐசி, நாப்பிட் மாதிரி எலக்ட்ரீஷியன்களைச் சோதித்துப் பதிவு செய்யும் ஒரு ஸ்கீமில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சரி, பதிவுக்கு என்ன வேண்டும்? லெவல் 3 என்விக்யூ என்கிற தொழில்திறன் தகுதி, 18ஆம் பதிப்பு வயரிங் விதிகளுக்கான பரீட்சை (சிட்டி அண்ட் கில்ட்ஸ் 2382), சோதனை பார்ப்பதற்கான 2391 அல்லது அதற்கு நிகரானது, இன்சூரன்ஸ், சொந்தமாகச் சோதனைக் கருவிகள். அப்புறம் ஒரு அசெஸர் வந்து நீங்கள் முடித்த வேலையையே திறந்து பார்ப்பார், அதற்குப் பிறகும் வருடா வருடம் கட்டணம் உண்டு. உங்களைப் போல 5 வருடத்துக்கு மேல் கைவேலை தெரிந்தவர்களுக்கு அனுபவசாலிகளுக்கான தனி வழி இருக்கிறது, முதல் வருடத்திலிருந்து படிக்க வேண்டாம். ஆனால் இந்த ஊர் விதிப்படி செய்த வேலைகளைக் காட்டியாக வேண்டும். இதையே தொழிலாக எடுத்துச் செய்வதாக இருந்தால் தாராளமாக இறங்குங்கள். ஒரு ஷவருக்கும் ஒரு ஃபியூஸ் பாக்ஸுக்கும் என்றால் காசைக் கரியாக்குவது. 5 நாள் கோர்ஸ், முடித்தால் எல்லாம் ஆச்சு என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்காரராக உங்களுக்கு இரண்டு வழி உண்டு. வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலில் தகவல் கொடுத்துக் கட்டணம் கட்டலாம், ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு ரேட், அதில் சோதனை அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், பிறர் வேலையைச் சோதித்துச் சான்று தரப் பதிவு செய்தவர் ஒருவரை, இதையும் வேலைக்கு முன்பே, பேசி வைத்துக்கொண்டு, முடித்த 5 நாளுக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் சுவருக்குள் போய் டைல்ஸ் ஒட்டிய பிறகு கூப்பிட்டால் எவரும் வர மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். மதுரை வீட்டில் 2 கிலோவாட் கீசர் போட்ட கைக்கு இங்கே 9.5 கிலோவாட் ஷவர் வரும், 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 41 ஆம்பியருக்கு மேல், அதுவும் நின்று குளிக்கிற நேரம் முழுக்க. ஒயரின் கனத்தைப் பழைய ஞாபகத்தில் எடுக்கக் கூடாது. இங்கே பிளக் பாயிண்டுகளை ஒயர் சுற்றி வந்து மறுபடி போர்டிலேயே சேரும்படி வளையமாக இழுப்பார்கள், ஒரு இடத்தில் அறுந்தாலும் எல்லா பாயிண்டும் வேலை செய்துகொண்டே இருக்கும், உள்ளே ஒயர் தாங்காமல் சூடாகும். லைட் எரிகிறது, ஆகவே சரி என்கிற கணக்கு இங்கே செல்லாது. எர்த் தொடர்ச்சி, 500 வோல்ட்டில் இன்சுலேஷன், எர்த் லூப் மின்தடை, மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிடி 300 மில்லி செகண்டுக்குள் விழுகிறதா என்பது, இத்தனையும் அளந்து எண்ணாக எழுதினால்தான் அந்த முதல் காகிதத்துக்கே மதிப்பு.

கேள்வி: வீட்டை விற்கப் போகிறோம். 2016-இல் தெரிந்தவர் ஒருவர் ஃபியூஸ் பாக்ஸ் மாற்றிக் கொடுத்தார், காகிதம் எதுவும் தரவில்லை. வக்கீல் சர்டிபிகேட் கேட்கிறார். இப்போது ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்து ரிப்போர்ட் வாங்கினால் போதுமா?
– ஹாரோ வாசகி

பதில்: போதாது. அது இன்றைய நிலைமையைச் சொல்லும், அன்றைக்குத் தகவல் கொடுக்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. வீடு விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவத்தில் 2005 முதல் நடந்த மின்வேலை பற்றித் தனியாகவே கேட்கிறார்கள். அந்தத் தெரிந்தவர் ஏதாவது ஸ்கீமில் இருந்தாரா என்று முதலில் விசாரியுங்கள், இருந்து பதிவும் செய்திருந்தால் நகல் கிடைக்கும். இல்லையென்றால் கவுன்சிலில் ரெகுலரைசேஷனுக்கு, அதாவது முடிந்துபோன வேலைக்குப் பின்னால் ஒப்புதல் வாங்க, விண்ணப்பிக்கலாம், நேரமும் பணமும் ஆகும். பல வக்கீல்கள், காகிதம் இல்லாததற்காகக் கவுன்சில் பின்னால் நடவடிக்கை எடுத்தால் ஈடுகட்டும் ஓர் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்து விற்பனையை முடித்துவிடுவார்கள். ஆனால் நீங்கள் கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டுவிட்டால் அந்த இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம், அதனால் போனை எடுக்கும் முன் வக்கீலிடம் பேசுங்கள். நானும் ஒரு பாத்ரூம் ஃபேனுக்காக மூன்று வாரம் இப்படி அலைந்தவன்தான்.

கேள்வி: சமையலறையில் ஒரு சாக்கெட் கூடுதலாக வைக்க வேண்டும். புது சர்க்யூட் இல்லை. இதற்கும் தகவல் கொடுக்க வேண்டுமா?
– கார்டிஃப் வாசகர்

பதில்: லண்டனில் இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். 2013 தளர்வு இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் சமையலறை இன்னும் பட்டியலில் இருக்கிறது, கொடுங்கள்.