கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்றா? ஏசி, கீசர், மோட்டார் மூன்றில் எது அதிகக் கரண்ட் இழுக்கும்?

கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்றல்ல. மூன்றையும் 1.5 டன் ஏசி, 2 கிலோவாட் கீசர், 1 ஹெச்பி மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு அதிகம் இழுப்பது கீசர். மாதக் கடைசியில் பில்லை ஏற்றுவது ஏசி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதுதான் உங்கள் குழப்பம்.

பைக் மீட்டரைப் பாருங்கள். முள் காட்டுவது வேகம், கீழே ஓடும் எண் காட்டுவது போன தூரம். வாட் என்பது முள், யூனிட் என்பது அந்த எண். 1 வாட் என்றாலே நொடிக்கு 1 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அளவு). அதற்குள் நேரம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் "மணிக்கு 2 கிலோவாட்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கடைக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், அது வேறு விஷயம். 1 கிலோவாட்டை ஒரு மணி நேரம் ஓட்டினால் 1 யூனிட். ஜூலில் 36 லட்சம்.

இப்போது கீசர். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55-க்குச் சூடாக்க சுமார் 19 லட்சம் ஜூல் வேண்டும், அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 2 கிலோவாட் கீசர் அதைப் பதினாறு நிமிடத்தில் முடித்துவிட்டு அணைந்துவிடும். மோட்டாரில் 1 ஹெச்பி என்பது 746 வாட், ஆனால் அது மோட்டாரின் சுழலும் தண்டில் கிடைக்கும் சக்தி. வயரில் இழுப்பது ஒரு கிலோவாட் அல்லது அதற்கும் மேல். டேங்க் நிரம்ப அரை மணி என்றால் அதுவும் அரை யூனிட் பக்கம்தான்.

ஏசியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். டன் என்பது அது தின்னும் கரண்டே இல்லை. ஐஸ் கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்து அளவு அது: 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம். கணக்குப் போட்டால் சுமார் 3.5 கிலோவாட். 1.5 டன் ஏசி அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதற்கு அது எடுக்கும் மின்சாரம் முழு வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட். கீசரைவிடக் குறைவுதான், ஆனால் மணிக்கணக்கில் ஓடுவதால் பில்லில் முந்திவிடும். எடுப்பதைவிட அதிகம் தள்ளுகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். அது வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம்தான் மாற்றுகிறது.

இன்வெர்ட்டர் ஏசி என்றால் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கும்போது ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்று இருந்தால் சராசரியாக மணிக்கு அரை யூனிட். சென்னையில் மார்ச் முதல் அக்டோபர் வரை இரவு முழுக்க ஓட்டும் வீட்டில் 1600 மணி தாண்டிவிடும், அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. அதில் போட்டிருக்கும் 150 ஆம்பியர் ஹவர் என்பதை அப்படியே யூனிட்டோடு ஒப்பிட முடியாது, வோல்ட்டால் பெருக்க வேண்டும். 12 வோல்ட் என்றால் 1.8 யூனிட். 5000 மில்லி ஆம்பியர் ஹவர் செல்போனில் இருப்பது வெறும் 19 வாட் ஹவர், அதாவது 0.019 யூனிட். போன் சார்ஜ் போட்டதால்தான் பில் ஏறியது என்று வீட்டில் யாராவது திட்டினால் இந்த எண்ணைக் காட்டலாம்.

செய்தித்தாளிலும் இதே கதைதான். கமுதி சூரியசக்தி நிலையம் 648 மெகாவாட், கூடங்குளத்தில் ஓர் அணு உலை 1000 மெகாவாட் (1 மெகாவாட் என்பது 1000 கிலோவாட்). படித்தால் மூன்றில் இரண்டு பங்கு போலத் தோன்றும். ஆனால் உலை முழுத் திறனில் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 40 லட்சம் யூனிட். சோலாரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்பது நம் ஊர்க் கணக்கு. அதை வைத்துப் பெருக்கினால் கமுதிக்குச் சுமார் 26 லட்சம் யூனிட்தான் வருகிறது.