முன் நம்பர் பிளேட்டை டாஷ்போர்டில் வைக்கலாமா?

கேள்வி: அட்லாண்டாவிலிருந்து டல்லாஸுக்குக் குடிவந்திருக்கிறோம். ஜார்ஜியாவில் காருக்குப் பின்னால் மட்டும்தான் நம்பர் பிளேட். டெக்சாஸில் இரண்டு கொடுத்துவிட்டார்கள். முன் பம்பரில் ஓட்டையே இல்லை, துளை போட மனசும் வரவில்லை. டாஷ்போர்டின் மேல் வைத்தால் போதுமா?

போதாது. டெக்சாஸில் முன் பிளேட் காருக்கு வெளியே, முன்புறத்தில், படுக்கைவாட்டில், ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். தரையிலிருந்து குறைந்தது 12 அங்குல உயரம். கண்ணாடி வழியாகத் தெரிகிறதே என்ற வாதம் அந்த மாநிலத்தின் உச்ச குற்றவியல் நீதிமன்றம் வரை போய் 2010இல் தோற்றுவிட்டது. அபராதம் 200 டாலர் வரை. பணம்கூடப் பரவாயில்லை, இந்த ஒரு காரணம் போதும், போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்ல. குழந்தைகளோடு இரவில் ஹைவே ஓரம் நிற்க வேண்டாமே.

முன் பிளேட் இல்லாமல் டல்லாஸில் ஓடும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்துபோகிற வண்டிக்கு அதன் சொந்த மாநில விதிதான். புளோரிடா கார் ஒற்றைப் பிளேட்டோடு வரலாம், உங்கள் கார் இனி டெக்சாஸ் கார்.

சரி, துளை போடாமல் வழி இருக்கிறது. முன் பம்பரின் ஒரு பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஓரத்தில் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரை விட்டு மெல்ல நெம்பினால் கழன்றுவரும். உள்ளே இழுவைக் கொக்கி மாட்டுகிற மரை தெரியும். அந்த மரையில் திருகுகிற பிராக்கெட் உங்கள் மாடலுக்கென்றே கிடைக்கும். பிளேட் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக நிற்கும், அவ்வளவுதான். ஒட்டு டேப்பை மட்டும் நம்பாதீர்கள், கோடை வெயிலில் இளகிவிடும்.

அப்புறம், டீலர் பெயர் போட்ட ஃப்ரேம். மாநிலப் பெயரில் பாதியோ அதற்கு மேலோ மறைந்தால் டெக்சாஸில் குற்றம், 300 டாலர் வரை அபராதம். எண்ணை மங்கலாக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியும் அப்படியே. பின் பிளேட்டுக்கு மேலே உள்ள வெள்ளை விளக்கையும் பாருங்கள். இரவில் 50 அடியிலிருந்து எண் தெரிய வேண்டும்.

நாளை வேறு மாநிலத்துக்கு மாறினால் அங்குள்ள விதியைப் புதிதாகப் படியுங்கள். ஓஹையோ 2020 ஜூலையில் முன் பிளேட்டைக் கைவிட்டது, யூட்டா 2025 ஜனவரியில். நியூயார்க்கில் இரண்டும் வேண்டும், மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ எதுவுமே போடக்கூடாது.

ஜார்ஜியா இன்சூரன்ஸை நிறுத்துவதற்கு முன் அங்குள்ள ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து செய்துவிடுங்கள். வரிசை மாறினால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்று அபராதம் வரும்.