வாவியின் இரு கரைகளிலும் ஒரு நாள்

கேள்வி: நோர்வேயில் பிறந்து வளர்ந்த என் அண்ணனின் பிள்ளைகள் இருவர் ஓகஸ்ட் விடுமுறைக்கு மட்டக்களப்புக்கு வருகிறார்கள். பாசிக்குடாவையும் கோட்டையையும் சென்ற முறையே பார்த்துவிட்டார்கள். இம்முறை நம்முடைய சனங்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். கிடைப்பது ஒரு நாள்தான். எங்கே அழைத்துச் செல்லலாம்? வேலை செய்துகொண்டிருப்பவர்களைப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பது முறையாகுமா?
– வாசகி ஒருவர், செங்கலடி

பதில்: பிள்ளைகளின் விருப்பம் மிகவும் நல்லது. அவர்களை வாவிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலும் கடைத்தெருவும் ஒரு கரையில் இருக்க, நெல்லும் மாடும் மறுகரையில் இருக்கின்றன. இரு கரைகளுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில்தான் நம் மக்களின் வாழ்க்கை ஓடுகிறது என்பதால், போகும்போது பாலத்தாலும் திரும்பும்போது ‘பாதை’ எனப்படும் மிதவையாலும் வாவியைக் கடக்குமாறு பயணத்தை அமைத்துக்கொள்வதே சிறப்பு என்பது என் கருத்து.

கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் காலமாகையால் வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். விடியும்போதே கல்லடிப் பாலத்தடிக்குப் போய்விடுங்கள். 1924இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே நின்று, தோணியில் வீச்சுவலையுடன் வருபவர் ஒருவரைப் பிள்ளைகள் பொறுமையாகக் கவனிக்கட்டும். வலையின் ஒரு பகுதியை முழங்கையில் மடித்துப் போட்டு, ஈயக்குண்டுகள் கோத்த விளிம்பை விரல்களுக்கிடையில் பிரித்துப் பிடித்து, ஆடும் தோணியில் கால் பெயராமல் இடுப்பை மட்டும் திருப்பி அவர் எறியும்போது வலை வட்டமாக விரிந்து விழும். குண்டுகள் அடிமண்ணைத் தொடும்வரை காத்திருந்து, பிறகுதான் மெல்ல இழுப்பார். அந்தக் காத்திருப்பில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. கரைக்கு வரும் இறாலையோ மணலை மீனையோ பேரம் பேசி வாங்கும் பெண்களின் பேச்சையும் பிள்ளைகள் கேட்கட்டும்.

காத்தான்குடிக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ தொழுகைக்காகக் கடைகள் மூடப்படும் என்பதால் வேறு கிழமையைத் தெரிவு செய்யுங்கள். கைத்தறி பார்க்க மருதமுனைவரை போகலாமே என்று பலர் சொல்லக்கூடும். அதற்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நெருக்கினால் வான் வண்டியின் யன்னல் வழியாக ஊர்களைப் பார்த்ததாகத்தான் முடியும்.

ஆரையம்பதியைத் தாண்டி, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே படுவான்கரைக்குள் நுழையுங்கள். பாலம் வருமுன் அங்கும் பாதையில்தான் கடந்தார்கள். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீச்சரரைத் தரிசித்து, மதியம் அங்கேயே ஒரு சிறிய கடையில் சோறும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிந்ததும் தெற்கு நோக்கிச் செல்லலாம். சிறுபோக வேளாண்மை வெட்டும் காலம் அது. நவகிரிக் குளத்து நீர் பாயும் வட்டைகள் என்னும் வயல்வெளிகளில் இன்று இயந்திரங்கள் அறுத்தாலும், மாடுகளைக் கொண்டு சூடடித்த நாட்களைச் சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழியில் எருமைத் தயிர் விற்கும் வீடு தென்பட்டால் நிறுத்தி ஒரு சட்டி வாங்குங்கள். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றும் பக்குவத்தை வீட்டுக்காரப் பெண்ணிடமே கேட்டறியலாம்.

சின்னக் கதிர்காமம் என்று நம்மவர் போற்றும் மண்டூர் முருகன் ஆலயத்தில் பயணத்தின் தரைவழியை முடித்து, துறையிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் கடந்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள்களும் சந்தைப் பைகளும் வீடு திரும்பும் ஆட்களுமாக நிற்கும் அந்த மிதவையில் சில நிமிடங்கள் நின்றாலே, வாவியை நம்பி வாழும் மக்களின் நாளாந்தம் பிள்ளைகளுக்கு விளங்கும். சாரதி வானைப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிக்கொண்டு வந்து மறுகரையில் நிற்கட்டும். பாதை ஓடுகிறதா, கடைசிப் பயணம் எத்தனை மணிக்கு என்பவற்றை அன்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சும்மா நின்று பார்ப்பது எவருக்கும் கூச்சத்தையே தரும். ஆனால் மீனோ தயிரோ வாங்க வந்தவரிடம் பேச யாரும் தயங்குவதில்லை. ஆகவே வாங்குவதையும் காசு கொடுப்பதையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு, அவர்களுடைய தமிழ் தடுமாறினாலும் நீங்கள் இடையில் புகுந்து பேசாதிருங்கள். படம் எடுப்பதானால் பேசி முடித்தபின் அனுமதி கேட்டு எடுக்கட்டும். வேண்டாமென்று யாராவது தலையசைத்தால், இன்னொரு முறை கேட்காமல் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டுமென்று வீட்டிலேயே சொல்லிவையுங்கள்.