கிணற்றடி மரத்துக்கு மட்டும் ஏன் மருந்து இல்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். காரமடைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் செங்காம்புக் கறிவேப்பிலை போட்டு நாலு வருடம் ஆகிறது. சொட்டுநீர் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை, வளர்ந்த குச்சியாகப் பார்த்து ஒடித்து வியாபாரிக்குக் கொடுக்கிறேன். ஆறேழு மாதமாகத் துளிர் சுருண்டு சுருண்டு வருகிறது. மருந்துக்கடையில் சொன்னபடி புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த மருந்தோடு ஒரு டானிக்கும் சேர்த்து எட்டு நாளைக்கு ஒருமுறை அடிக்கிறேன். நாலு நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி சுருட்டை. இலையில் புள்ளியும் விழுகிறது. வாசம் இல்லை என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். இதைவிட வீரியமான மருந்து எது? இன்னொன்று. கறிவேப்பிலை முடிக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று மகள் போனில் காட்டினாள். இலையைக் காயவைத்துப் பொடியாக்கி, அப்படியே எழுதி பாக்கெட் போட்டு விற்றால் என்ன? வீட்டுக்குக் கிணற்றடியில் தனியாக ஒரு மரம் விட்டிருக்கிறோம், அதற்கு மருந்து அடிப்பதில்லை. சமையலுக்கு அதில்தான் பறிக்கிறார்கள்.

பதில்: கடிதத்தின் கடைசி இரண்டு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் மூன்று தடவை படித்தேன். ஒன்றரை ஏக்கர் இலை ஊருக்கு, ஒரு மரம் வீட்டுக்கு. உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரிந்த விஷயம் உங்களுக்கும் தெரியும். அதனால்தான் வீரியமான மருந்து எது என்ற கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லப் போவதில்லை.

முதலில் அந்த டப்பாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். நீங்கள் அடிக்கும் கலவை பருத்தியில் காய்ப்புழுவுக்குப் பதிவான மருந்து. பருத்தியை யாரும் தாளிப்பதில்லை. கடைக்காரர் மிளகாய்க்காரருக்கும் பருத்திக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே அலமாரியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். அவர் பூச்சியைப் பார்த்தாரா? சுருண்ட கொழுந்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டினீர்களா? "சுருட்டை" என்று வாயால் சொல்லியிருப்பீர்கள், அவர் கையை நீட்டி எடுத்திருப்பார். இதில் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, எந்த டப்பாவில் கமிஷன் அதிகமோ அந்தப் பக்கம் கை தானாகப் போகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எட்டு நாளைக்கு ஒரு அடி, வாரத்துக்கு இரண்டு பறிப்பு. உங்கள் தோட்டத்தை விட்டுப் போகிற எந்த இலையும் மருந்து பட்டு எட்டு நாளைத் தாண்டியிருக்காது. பாதி இலை நாலு நாளைக்கூடத் தாண்டியிருக்காது. தக்காளிக்காவது தோல் உண்டு, வாழைக்கு உரித்துப் போட ஒரு பகுதி உண்டு. கறிவேப்பிலையில் மருந்து விழும் இடமும் வாய்க்குப் போகும் இடமும் ஒன்றே. எடைக்குப் பரப்பு அதிகமான மெல்லிய இலை வேறு, கிலோவுக்கு அது பிடித்துக்கொள்ளும் மருந்து ஒரு கத்தரிக்காயைவிட எத்தனையோ மடங்கு. 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் என்று கேரளாவில் சத்தம் கிளம்பியபோது கறிவேப்பிலையும் அந்தப் பேச்சில் இருந்தது. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை எல்லையிலேயே கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் வைத்தது. தனி வரம்பு இல்லாத மருந்துக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நேற்று அடித்துவிட்டு இன்று ஒடித்த இலைக்கு அந்த அளவெல்லாம் கனவு.

சரி, சுருட்டைக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சைலிட் என்கிற சின்னத் தாவும் பூச்சி. கொழுந்தின் மடிப்பில் மஞ்சள் புள்ளி போல முட்டை, தட்டையான குஞ்சுகள், வெள்ளை மெழுகு நூல் போன்ற கழிவு, இதெல்லாம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, அதனால் எலுமிச்சைக்கு வரும் பூச்சி பாதி இதற்கும் வரும். பக்கத்தில் எலுமிச்சை, நாரத்தை வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மரங்களைப் பச்சையாதல் நோய் (இலை மஞ்சளித்து, காய் பழுக்காமல் பச்சையாகவே நிற்பது) படுத்துவதும் இதே பூச்சி மூலமாகத்தான்.

இந்தப் பூச்சி முற்றின இலையில் முட்டை வைக்காது, இளந்துளிரில் மட்டும்தான் வைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பறிப்பைப் பாருங்கள். நீங்கள் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே ஒரு குச்சி இங்கே ஒரு குச்சி என்று ஒடிக்கிறீர்கள். ஒடித்த இடத்திலெல்லாம் துளிர் வருகிறது. ஆக, வருடம் முழுக்க ஒன்றரை ஏக்கரிலும் எங்காவது ஒரு துளிர் பூச்சிக்குத் தயாராக இருக்கிறது. பூச்சிக்குப் பந்தி போட்டு வைத்துவிட்டு எட்டு நாளைக்கு ஒருமுறை விஷம் தெளிப்பதுதான் இப்போது நடப்பது. எந்த வீரிய மருந்தும் இதற்கு நிற்காது.

நான் யாரைப் பார்த்தாலும் செடியை முறையாக வெட்டிவிடச் சொல்வதால் "கவாத்துக் கிறுக்கன்" என்று பெயர் வாங்கியவன். பரவாயில்லை, உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்றரை ஏக்கரை 25 சென்ட் வீதம் ஆறு பாத்தியாகப் பிரியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்தியை மூன்று நாலு நாளில் முழுசாக வெட்டி முடித்துவிடுங்கள். ஒரு செடி விடாமல், ஒரே உயரத்துக்கு. அடுத்த வெட்டு அந்தப் பாத்திக்கு பன்னிரண்டு வாரம் கழித்துத்தான். இப்படி வெட்டினால் பாத்தி முழுக்க ஒரே சமயத்தில் துளிர்க்கும், ஒரே சமயத்தில் முற்றும். பூச்சிக்கு வாய்ப்புள்ள நாட்கள் குறைந்துவிடும். எந்தப் பாத்தியை எப்போது கவனிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். வெட்டும்போது சுருண்ட நுனிகளைத் தனிச் சாக்கில் போட்டுக் குழி தோண்டிப் புதையுங்கள். வரப்பிலேயே வீசினால் அதிலிருந்து எழும்பி அடுத்த பாத்திக்குப் போகும்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால் துளிர் விரல் நுனி அளவு வரும்போது வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். 5 சதம், அதாவது நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு, கொஞ்சம் காதி சோப்பு, சாயங்கால நேரம். பத்து நாள் விட்டு இன்னொரு அடி. துளிர் முற்றிய பிறகு வேம்பும் வேண்டாம், இலையில் கசப்பு நின்றால் வியாபாரி அதற்கும் ஒரு விலை குறைப்பார். இந்த முறையில் கடைசித் தெளிப்புக்கும் வெட்டுக்கும் நடுவில் இரண்டு மாதம் தாராளமாகக் கிடைக்கிறது பாருங்கள். இப்போது நீங்கள் கொடுப்பது அதிகபட்சம் எட்டு நாள்.

வியாபாரி வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறாரே என்பீர்கள். அவரிடம் பேசுங்கள். அல்லது பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரோடு பேசி, மாறி மாறி வெட்டிக் கொடுக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரிக்கு வேண்டியது இலை, அது எந்தத் தோட்டத்து இலை என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

இன்னொரு விஷயம் சொன்னால் வயிறு எரியும். சைலிட் குஞ்சின் அடியில் முட்டை வைத்து அதைத் தின்றே வளரும் ஒரு துளியூண்டு குளவி நம் மண்ணிலேயே இருக்கிறது. டமாரிக்ஸியா என்று பெயர். 1970களின் கடைசியில் ரீயூனியன் தீவுக்காரர்கள் இதை இந்தியாவிலிருந்து கொண்டுபோய் எலுமிச்சைத் தோட்டங்களில் விட்டார்கள். அவர்கள் கடல் கடந்து வந்து வாங்கிப்போனதை நாம் எட்டு நாளைக்கு ஒருமுறை சைபர்மெத்ரின் அடித்துக் கொல்கிறோம். பொறிவண்டும் அதோடு போகிறது. நாலு நாள் நன்றாக இருந்து அப்புறம் பழையபடி என்று எழுதினீர்களே, காரணத்தில் பாதி இதுதான். பூச்சி திரும்பி வந்துவிடுகிறது, அதைத் தின்ன வேண்டியது திரும்பி வருவதில்லை.

புள்ளிக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. நெருக்கம், ஈரம், அடியில் கிடக்கும் பழைய இலை. முழு வெட்டு வெட்டினாலே காற்றும் வெயிலும் உள்ளே போகும், பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாசம் பற்றிய புகாருக்கு உங்கள் டானிக்கைத்தான் சந்தேகப்படுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. உயிரூக்கி என்கிற இந்த மாதிரி டானிக்குகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தே 2021இல்தான். அதற்கு முன்னும் பின்னும் கரும்பச்சைத் தண்ணீரைப் படம் போட்ட பாட்டிலில் அடைத்து விற்பவர்களுக்குக் குறைவில்லை. இலை பெரிதாக, பளபளவென்று, சட்டென்று வளர்ந்தால் அதில் தண்ணீர்தான் இருக்கும். யூரியாவையும் டானிக்கையும் நிறுத்தி, செடிக்கு வருடம் இருபது கிலோ மக்கிய தொழுவுரம் கொடுங்கள், வெட்டுக்கு முந்தைய வாரம் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். இலையும் முற்ற வேண்டும். இளங்கொழுந்தைப் பறித்துவிட்டு வாசம் எங்கே என்று தேடினால் எங்கிருந்து வரும்? மருந்துக்கும் உரத்துக்கும் இனிமேல் ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது பொடி. மகள் காட்டியதில் உண்மை இருக்கிறது, ஆனால் சுண்டைக்காய் அளவு உண்மைக்குப் பூசணிக்காய் அளவு விளம்பரம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் கறிவேப்பிலைக்கு 830 மில்லிகிராம் கால்சியம் போட்டிருக்கிறார்கள். பாலைவிடப் பல மடங்கு. கரோட்டினும் நிறைய. ஆனால் ஒரு தாளிப்பில் விழும் பத்து இலை ஒன்றிரண்டு கிராம்கூடத் தேறாது. அதையும் நம் ஆட்கள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள், காரியம் முடிந்ததும் ஆளைக் கழற்றிவிடுவதற்கு உவமையே கறிவேப்பிலைதானே. இலையில் இருக்கும் ஆக்சலேட் என்கிற உப்பு கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்டு. சத்து வேண்டுமென்றால் துவையலாக, பொடியாக, கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போக வேண்டும். கரோட்டின் எண்ணெயில் கரைவது, அதனால் நல்லெண்ணெயில் வதக்கி அரைத்த துவையல் பச்சையாக மெல்வதைவிடப் புத்திசாலித்தனம். வாசம் ஆவியாகப் போகும் எண்ணெயில் இருக்கிறது. ரசத்தையோ மோர்க்குழம்பையோ இறக்கும் நேரத்தில் கிள்ளிப் போட்டு மூடி வைப்பவர்களுக்கு அது தெரியும். தாளிப்பில் கறுகவிட்டால் வாசமும் போச்சு, கரோட்டினும் போச்சு.

சர்க்கரைக்கு என்று சொல்வது பெரும்பாலும் எலியில் பார்த்தது. மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? முடி விஷயத்துக்கு அந்த அளவுக்கான ஆதாரமும் இல்லை. உணவுப் பாக்கெட்டில் நோயைக் குணமாக்கும் என்று எழுதுவது சட்டப்படியே கூடாது, அதை எழுதாமல் விற்பதற்கே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

இதெல்லாம் இரண்டாவது. முதல் விஷயம், பச்சை இலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மூன்று கிலோ இலை காய்ந்தால் ஒரு கிலோ பொடி. தண்ணீர் போகும், மருந்து அவ்வளவு சுலபமாகப் போகாது. இன்றைக்கு உங்கள் தோட்டத்து இலையைக் காயவைத்தால் பச்சை இலையில் இருந்த எச்சம் ஏறக்குறைய மூன்று மடங்காகத் திரண்டு பாக்கெட்டுக்குள் போகும். அதைத்தான் தினம் இரண்டு கரண்டி நல்லது என்று ஒருவர் சோற்றில் போட்டுப் பிசைவார். கழுவினால் போகாதா என்று கேட்காதீர்கள். புளித்தண்ணீரில் ஊறவைத்து அலசினால் மேலே ஒட்டியது ஓரளவு குறையும், இலைக்குள் இறங்கியது இறங்கியதுதான்.

ஆகவே பொடியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆறு பாத்தி முறையில் ஒரு சுற்று, பன்னிரண்டு வாரம், ரசாயனம் இல்லாமல் ஓட்டுங்கள். அடுத்த சுற்றின் முதல் வெட்டில் ஒரு மாதிரி எடுத்துக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எச்சம் பார்க்கும் கூடத்தில் கொடுங்கள். காகிதம் சுத்தமாக வந்தால் பொடியைப் பற்றி மறுபடி எழுதுங்கள், நிழலில் காயவைக்கும் முறையைச் சொல்கிறேன். வெயிலில் காய்ந்தது பச்சை நிறம் மங்கிப் போகும், வாசமும் நிற்காது.

அதுவரைக்கும் ஒரு வேலை. கிணற்றடி மரத்திலும் சுருட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலை போய் அதன் கொழுந்து பத்தைக் கிள்ளி, தோட்டத்துக் கொழுந்து பத்தோடு வைத்துப் பாருங்கள். கிணற்றடிக் கொழுந்தில், பழுப்பாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டு, முதுகில் ஊசி குத்தியது போல ஒரு ஓட்டை விழுந்த சைலிட் குஞ்சு கண்ணில் பட்டால் அதுதான் குளவியின் வேலை. எத்தனை கண்டீர்கள் என்று எண்ணி எழுதுங்கள்.